இந்தி படிக்க லாண்டூரா, ஆக்ராவா?

போன வாரம் மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நானும் இந்தி படிக்கப் போறேன். நீங்க போன மலைக்குப் போகவா, ஆக்ராவுக்குப் போகவா?"

வட இந்திய மலையூரான முசூரிக்கு மேலே இருக்கும் லாண்டூரில், அங்குள்ள மொழிப் பள்ளியில் நான்கு மாதம் இந்தி படித்தவன் நான். ஆக்ராவில் தங்கியது இரண்டே நாள், அதில் ஒரு நாள் தாஜ்மகாலுக்குப் போய்விட்டது. என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லக்கூடியதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆக்ராவில் இருப்பது கேந்திரிய ஹிந்தி சன்ஸ்தான், இந்திய அரசின் நிறுவனம். முறையான பாடத்திட்டம், சான்றிதழ் எல்லாம் உண்டு. தூதரகம் வழியாக விண்ணப்பித்தால் உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. லாண்டூரில் எல்லாமே கைக்காசு. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு ரயிலேறினால் சீக்கிரம் இறங்கிவிடலாம். லாண்டூருக்கு டேராடூன் வரை ரயில், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதை. சான்றிதழும் காசும்தான் கணக்கு என்றால், தம்பி ஆக்ராவுக்கே விண்ணப்பம் போடலாம்.

என்னை மலைக்கு இழுத்தது ஒரே விஷயம்: அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. பள்ளி நடப்பது கெல்லாக் தேவாலயத்தில். இந்திக்கு இலக்கணம் எழுதிய அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் அது. ஒரு பாடவேளை ஐம்பது நிமிடம். தனிப்பாடம் எடுத்தால் மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் நீங்கள். முன்வரிசைக்காரன் பதில் சொல்லட்டும் என்று தலையைக் குனிய முடியாது. வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், தமிழன் இந்தியில் சறுக்குவது உயிரில்லாப் பொருளுக்கும் ஆண், பெண் பார்க்கும் இடத்தில். முதல் வாரம் "என் தேநீர்" என்பதற்கு "மேரா சாய்" என்றேன். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் தூக்கினார். "மேரீ சாய்" என்று திருத்திக்கொண்டேன். பால் ஆண், தண்ணீர் ஆண், சர்க்கரை பெண். மூன்றும் சேர்ந்து கொதித்தால் வரும் தேநீர் பெண்! இதைப் புத்தகத்தில் படித்தால் மறுநாள் மறந்துபோகும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த விரல் எழும்பினால் மறக்காது. லாண்டூரில் சார் துக்கான் என்ற கடைவரிசையில் தேநீர்க்கடைக்காரர்கூட என்னைத் திருத்திவிட்டுத்தான் கிளாஸை நீட்டுவார்.

மற்றபடி நமக்கு இந்தி அவ்வளவு அந்நியமில்லை. "எனக்குப் பசிக்கிறது" என்பதுபோலவே அங்கேயும் "முஜே பூக் லகீ ஹை". பசிதான் எழுவாய், நான் இல்லை. நாம் காரைக் காடி என்கிறோமே, அதே காடி அங்கேயும் ஓடுகிறது. மலாயில் பழகிய கபார், ஜவாப், துனியா, கெருசி எல்லாம் கொஞ்சம் வேஷம் மாறி எதிரில் வரும். என்னோடு படித்த ஐரோப்பியர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, மலை. நமக்குக் குளிர் என்றால் கேமரன் மலை. அங்குள்ள தானா ராத்தா ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரம், லாண்டூர் 2,000 மீட்டருக்கும் மேலே. முதல் வாரம் கடைத்தெருவிலிருந்து அறைக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். குளிரைக்கூட ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்து சமாளிக்கலாம், ஈரத்தைச் சமாளிக்க முடியாது. நம் ஊரில் மழை விட்டால் வெயில் அடித்துத் துணி காய்ந்துவிடும். அங்கே ஜூலை, ஆகஸ்டில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். என் தோல் சப்பாத்தில் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. செப்டம்பர் கடைசியில் வானம் திறந்து பந்தர்பூஞ்ச் பனிமலை வெள்ளையாக நின்றபோதுதான் கோபம் தணிந்தது.

ஆக்ராவில் வெயில் கொளுத்தும், ஆனால் துணி காயும். எழுத்தும் இலக்கியமும் வேண்டுமென்றால் அதுதான் சரியான இடமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அங்கே வகுப்பில் உட்கார்ந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். என் இந்திக் கையெழுத்து இன்னும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையெழுத்துதான். பேச்சு மட்டும் ஓடும்.

மலைக்கே போவதென்றால் ஏப்ரலில் போ, இல்லையென்றால் அக்டோபரில் போ என்றேன். கடுங்குளிரில் பள்ளிக்கு விடுமுறை.

தம்பி கொஞ்சம் யோசித்தான். "நெத்திலி கொண்டு போகலாமாண்ணே?"

"இங்கேயே வறுத்து டப்பாவில் போட்டுக்கோ. அங்க வறுக்காதே." நான் வறுத்த அன்று வீட்டுக்கார அம்மா எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் பேசிய இந்தியில் பாதி எந்தப் பாடத்திலும் வராதது.