கேரம் கிளப்புக்கு எந்த ஆப்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கேரம் கிளப்புக்கு ஒரு குரூப் தொடங்கலாம் என்றதும் மூன்று கட்சி ஆகிவிட்டது. பெரியவர்கள் வாட்ஸ்அப், பசங்க டெலிகிராம், நான் சிக்னல். பசங்க சொன்ன காரணம் ஒன்றுதான்: "அதுதான்ணா சீக்ரெட், எவனும் படிக்க முடியாது."

அங்கேதான் தப்பு. டெலிகிராமில் சாதாரணமாக அனுப்பும் செய்தி அவர்களுடைய சர்வர் (செய்திகளை வாங்கி வைத்து அனுப்பும் கம்ப்யூட்டர்) வரைக்கும்தான் பூட்டிப் போகிறது. அங்கே திறக்கும் சாவி அவர்களிடமே இருக்கிறது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் மட்டும் படிக்க வேண்டுமென்றால் 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறக்க வேண்டும், அதுவும் இரண்டு பேருக்குள். குரூப்புக்கு அந்த வசதியே கிடையாது. நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பாரிஸ் அருகே விமான நிலையத்தில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் விதி மீறுகிறவர்களின் போன் நம்பரையும், இணையத்தில் அவர்களை அடையாளம் காட்டும் ஐபி முகவரியையும் தருவோம் என்று அறிவித்தார். 2 லட்சம் பேர் வரை ஒரே குரூப்பில் சேர்க்கலாம் என்பது பெரிய விஷயம்தான். எங்கள் கிளப்பில் இருப்பதோ 34 பேர்.

பசங்க இளக்காரமாகப் பார்க்கும் வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து குரூப் உட்பட எல்லாச் செய்திக்கும் தானாகவே பூட்டு விழுகிறது. அந்தப் பூட்டை வடிவமைத்ததும் சிக்னல்காரர்கள்தான். ஆனால் டீக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசுவது அவர் காதில் விழாவிட்டாலும், யார் யாரோடு எத்தனை மணிக்கு வந்து உட்கார்ந்தார் என்பது தெரியும். வாட்ஸ்அப் அந்தக் கடைக்காரர்; கடையின் முதலாளி பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி. இன்னொன்று, பேக்கப், அதாவது பழைய பேச்சை எடுத்து வைக்கும் நகல். அதற்கும் பூட்டுப் போடும் வசதி 2021-லேயே வந்துவிட்டது, நாம்தான் செட்டிங்கில் போய்ப் போட வேண்டும். போடாமல் விட்டால் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோவைக் கோட்டை விட்ட கதைதான்.



சிக்னல் கடைக்காரர் கண்ணையும் மூடிக்கொள்கிறார். 2016-ல் அமெரிக்காவில் கோர்ட் ஆணையோடு விவரம் கேட்டார்கள். கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி, இவ்வளவுதான் அவர்களால் கொடுக்க முடிந்தது. சிக்னலை நடத்துவது லாபநோக்கற்ற அறக்கட்டளை, 2018-ல் அதற்கு 5 கோடி டாலர் போட்டவர் வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன். இது ஒன்றே போதாதா எனக்கு! குறை என்னவென்றால், பழைய பேச்செல்லாம் போனிலேயே இருக்கும். காசிமேட்டில் போட்டில் ஏறும்போது போன் தண்ணீரில் விழுந்து, பேக்கப்பும் இல்லையென்றால், எல்லாம் போச்சு. அப்புறம், நம் ஆட்கள் அதில் இல்லை.

யாரையும் நம்ப வேண்டாம், சொந்த சர்வர் வைக்கலாம் என்றால் அதற்கு மேட்ரிக்ஸ் என்று ஒரு சாட் வசதி இருக்கிறது. ராத்திரி சர்வர் படுத்தால் எழுந்து பார்க்கும் ஆள் யார் என்று கேட்டேன், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாஸ்டடான் என்ற சமூக வலைதளமும் இதற்குச் சரிவராது. அதில் தனிச்செய்தியைக்கூட சர்வர் நடத்துகிறவர் பார்க்க முடியும்.

கடைசியில் வாட்ஸ்அப்தான். பெரியவர்கள் அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள், வேறு காரணம் இல்லை. டபுள்ஸில் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று பேச மட்டும் நாங்கள் நான்கு பேர் சிக்னலில் இருக்கிறோம்.