சென்சார் வச்ச பொம்மை காரா, ஏடாஸ்-2 டெஸ்ட்டா?

ஆட்டிசம் இருக்கான்னு பாக்க உலகம் பூரா அதிகமா யூஸ் பண்றது ஏடாஸ்-2, 2012ல வந்த வெர்ஷன். ட்ரெயினிங் எடுத்தவங்க குழந்தையோட 40லேருந்து 60 நிமிஷம் விளையாடுவாங்க, சோப்புக்குமிழி ஊதுவாங்க, பொம்மைக்கு பர்த்டே கொண்டாடுவாங்க, நடுவுல பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்புதா, வேணும்னா கண்ணைப் பாத்துக் கேக்குதான்னு மார்க் போட்டுக்குவாங்க. நேரமும் காசும் போகும், ட்ரெயினிங் எடுத்த ஆள் கிடைக்கறதே கஷ்டம்.

சென்சார் பொம்மை வேற ரூட். டெஹ்ரான் பல்கலைக்கழகத்துல பொம்மை கார்ல ஆக்ஸிலரோமீட்டர், அதாவது அசைவை அளக்குற சென்சார், வச்சுப் பாத்தாங்க, குழந்தை காரை தரையில ஓட்டுதா இல்ல ஒரே மாதிரி ஆட்டிட்டே இருக்கா, எவ்ளோ வேகம்னு எல்லாம் நம்பரா வந்துடும், அத வச்சு ஆட்டிசம் இருக்குற மாதிரி விளையாட்டா இல்லையான்னு கம்ப்யூட்டர் பிரிச்சு சொல்லும். கண்ணுக்குத் தப்புற சின்ன அசைவும் இதுல மாட்டும், சிப்பும் சீப்தான். ஆனா கார எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட 'இங்க பாரு'ன்னு காட்டுச்சாங்கறது காருக்கு எப்படித் தெரியும்? ஆட்டிசத்துல முக்கியமா பாக்கவேண்டியதுல அதுவும் ஒண்ணாச்சே! சக்கரத்த சுத்திப் பாக்குற புள்ளைக்கெல்லாம் ஆட்டிசம்னா தெருவுல பாதிப்பேருக்கு இருக்கணும் :)

என்னைக் கேட்டா பொம்மை முதல் ஸ்கிரீனிங்குக்கு ஓகே, யார சீக்கிரம் அனுப்பணும்னு பாக்க. முடிவ டாக்டர்தான் சொல்லணும், அதுவும் ஏடாஸ் மார்க்க மட்டும் வச்சு இல்ல, வீட்ல எப்படி இருக்குன்னு பெத்தவங்ககிட்டயும் கேட்டுட்டு.