வின்ச் கொக்கி வாங்குமுன் படியுங்கள்: கோலாலம்பூர் கடையில் எனக்கு விற்கப்பட்ட போலி

கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் ஃபோர்-பை-ஃபோர் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வின்ச் என்பது சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வண்டி முகப்பில் பொருத்தும் பொறி. அதன் கயிற்று நுனியில் மாட்டும் கொக்கிதான் விஷயம். உருக்கி அச்சில் ஊற்றிய வெறும் வார்ப்புக் கொக்கியை ‘ஃபோர்ஜ்டு (காய்ச்சி அழுத்தி உருவாக்கிய எஃகு), கிரேடு 80 (உயர்ந்த வலிமைத் தரம்)’ என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு விற்ற கொக்கி இழுவையின் நடுவில் இரண்டாக உடைந்தது. கயிற்றோடு இருந்த பாதி திரும்பிப் பறந்து வந்து என் ஹைலக்ஸின் முகப்பு விளக்கை நொறுக்கிவிட்டது. ஆள் யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பாதையில் ஒருவர் நின்றிருந்தால் நான் எழுதிக்கொண்டிருப்பது வேறு செய்தியாக இருந்திருக்கும்.

என் வின்ச் 9,500 பவுண்டு இழுவை கொண்டது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 4,300. பழைய இரும்புக் கேபிள் இழை விட்டு முள்முள்ளாகக் கிளம்பியதால் சிந்தெடிக் (செயற்கை இழை) கயிற்றுக்கு மாற முடிவு செய்தேன். நகரில் உள்ள துணைக்கருவிக் கடை ஒன்றில் 10 மில்லிமீட்டர் கயிறு, அலுமினிய ஃபேர்லீட் (கயிறு உரசாமல் வழிகாட்டும் வாய்), புதுக் கொக்கி என்று மூன்றையும் ஒரே செட்டாகக் கொடுத்தார்கள். பேசியவர் நம் தமிழர்தான். “அண்ணே, இது ஃபோர்ஜ்டு, கிரேடு 80. 12,000 பவுண்டு வின்ச்சுக்கே இதைத்தான் போடுறோம்” என்றார். கொக்கிக்கு மட்டும் 280 ரிங்கிட். சோதனைச் சான்றிதழ் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். கடைசிவரை வரவில்லை.

உடைந்தது உலு லங்காட் மலைப்பாதையில். மழை விட்ட பிறகு நண்பரின் டி-மேக்ஸ் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. என் வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, கொக்கியை அவர் வண்டியின் மீட்பு வளையத்தில் இருந்த ஷேக்கிளில் (முளை போட்டு மூடும் U வடிவ இணைப்பு) மாட்டினோம். கயிறு அறுந்தால் வீசாமல் அமுக்க அதன் மேல் கனமான டேம்பர் பை, திறந்து வைத்த பானெட், ஓரமாகத் தள்ளி நிறுத்திய ஆட்கள், எல்லாம் முறைப்படிதான். வண்டி அசையத் தொடங்கிய நேரத்தில் சுடும் சத்தம் போல ஒரு சத்தம் கேட்டது. கொக்கியின் வளைவில் பாதி சேற்றில் கிடந்தது, மீதி என் பம்பருக்கு மேல் செருகி நின்றது.

சிந்தெடிக் கயிறு அறுந்தால் இரும்புக் கேபிள் அளவுக்குச் சாட்டையாக வீசாது என்பது உண்மை. எடை குறைவு, அது தேக்கி வைக்கும் ஆற்றலும் குறைவு. அதை நம்பி நிறைய பேர் இப்போது அசட்டையாக நிற்கிறார்கள். ஆனால் கயிற்றின் நுனியில் தொங்குவது இன்னும் இரும்புதான்! கயிறு அறுந்தாலும் கொக்கி உடைந்தாலும் அந்த இரும்பு எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

துண்டுகளை ஷா ஆலமில் வார்ப்பாலையில் வேலை பார்க்கும் உறவினரிடம் காட்டினேன். உடைந்த முகத்தைப் பார்த்ததுமே இது வார்த்தது என்று சொல்லிவிட்டார். பருமணல் போன்ற சொரசொரப்பு, நடுவில் ஊசித் துளைகள். ஃபோர்ஜ்டு கொக்கி என்றால் எஃகைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் வைத்து அழுத்தி வளைத்திருப்பார்கள். உலோகத்தின் மணிகள் வளைவோடு சேர்ந்தே ஓடும். அப்புறம் அதை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதப்படுத்துவார்கள். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் அப்படிப்பட்ட கொக்கி பெரும்பாலும் முதலில் வாய் விரியும். கண்ணால் பார்க்கலாம், இழுவையை நிறுத்தலாம். எனக்குக் கிடைத்ததோ முறுக்கைப் போல் படக்கென்று உடைந்தது. அந்தத் தடித்த சிவப்புப் பெயின்ட் எதற்கு என்று இப்போது எனக்குப் புரிகிறது. அச்சுக் கோடும் துளைகளும் தெரியாமல் மறைக்கத்தான். ‘கிரேடு 80’ என்ற எழுத்தும் அந்தப் பெயின்டின் மேல் அடித்ததுதான், உலோகத்தில் இல்லை.

கடைக்குத் துண்டுகளோடு போனேன். முதலில் நீங்கள் ஓவர்லோடு செய்துவிட்டீர்கள் என்றார்கள். 12,000 பவுண்டுக்குத் தாங்கும் என்று விற்ற பொருளை 9,500 பவுண்டு வின்ச் எப்படி மீறும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, காட்டுப்பாதையில் பயன்படுத்தினால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். வின்ச் கொக்கியைக் காட்டுப்பாதைக்கு அல்லாமல் வேறு எதற்கு வாங்குவார்கள்? ரசீதில் ‘வின்ச் துணைப்பொருள் ஒரு செட்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். கிரேடும் இல்லை, தாங்கும் எடையும் இல்லை. நல்ல வேளையாக விற்றவரின் வாட்ஸ்அப் பதிலில் ‘கிரேடு 80’ என்று எழுத்திலேயே இருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கொக்கியில் தயாரிப்பாளர் பெயரோ முத்திரையோ, கிரேடு, அளவு, தொகுதிக் குறியீடு ஆகியவை உலோகத்திலேயே புடைத்தோ பதிந்தோ இருக்க வேண்டும். எழுத்து புடைத்திருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது. ஆனால் எழுத்தே இல்லாததைக் கையால் தொடாதீர்கள். அப்புறம், ‘எத்தனை பவுண்டு தாங்கும்’ என்று கேட்காதீர்கள். ‘டபிள்யூ.எல்.எல். எவ்வளவு, உடையும் எடை எவ்வளவு’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவது அன்றாட வேலையில் ஏற்றக்கூடிய உச்ச வரம்பு, இரண்டாவது உடைந்தே போகும் எடை. கிரேடு 70, கிரேடு 80 கொக்கிகளில் இரண்டாவது முதலாவதைப் போல 4 மடங்கு. 3/8 அங்குல கிரேடு 70 கொக்கியின் டபிள்யூ.எல்.எல். 6,600 பவுண்டு, கிரேடு 80 என்றால் 7,100. கடைக்காரர் பெரிய எண்ணை மட்டும் சொன்னால் அது எதைக் குறிக்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

கொக்கியின் வாயை மூடும் ஸ்பிரிங் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சுமை தாங்க வைத்ததல்ல. கயிறு தளர்ந்திருக்கும்போது ஷேக்கிள் நழுவாமல் பிடிக்க மட்டும்தான். சுமை எப்போதும் கொக்கியின் அடிவளைவில் உட்கார வேண்டும், நுனியில் அல்ல. சேறு புகுந்து நாக்கு பாதி திறந்தபடி நிற்பதை எத்தனையோ வண்டிகளில் பார்க்கிறேன். இதனால்தான் கொக்கியே வேண்டுமென்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையை வாங்கச் சொல்கிறேன். சுமை ஏறியதும் வாய் இறுகிக்கொள்ளும், சுமை இருக்கும்வரை திறக்க முடியாது. இவை சுமைதூக்கும் தொழிலுக்குச் செய்தவை. கிள்ளான் துறைமுகப் பக்கம் சங்கிலி, ஷேக்கிள் விற்கும் கடைகளில் சான்றிதழோடு கேட்டு வாங்கலாம்.

நான் இப்போது கொக்கியையே கழற்றிவிட்டேன். அதற்குப் பதில் மூடிய இணைப்பு. ஒரு பக்கம் கயிற்று நுனியின் கண்ணிக்குள் ஒரு முளை போகும், மறுபக்கத் துளையில் ஷேக்கிளின் முளை போகும். வாயே இல்லாததால் நழுவ வழியில்லை. என் கணிப்பில் காட்டுப்பாதை மீட்புக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஷேக்கிள் தாங்கும் எடையை மட்டும் வின்ச்சோடு பொருத்திப் பாருங்கள். 9,500 பவுண்டு வின்ச்சுக்கு 4.75 டன் எழுதிய 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிள் போதும். 12,000 பவுண்டு என்றால் ஏறக்குறைய 5.4 டன், அதற்கு 22 மில்லிமீட்டர், 6.5 டன். ஸ்னாட்ச் பிளாக் (கயிற்றைத் திருப்பும் கப்பி) போட்டு இழுக்கிறவர்கள் கவனியுங்கள்: கயிற்றில் வரும் இழுவை எவ்வளவோ, பிளாக்கைப் பிடித்திருக்கும் ஷேக்கிளில் அதைப் போல இரு மடங்கு வரை ஏறும். சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்றால் ஆன ஷேக்கிள்) போட்டால் அது உரசும் விளிம்புகள் மழுங்கலாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள், கூர் இருந்தால் அறுத்துவிடும். டோ பந்தில் (ட்ரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு) மட்டும் எதையும் மாட்டாதீர்கள்.

என்னைப் போல் ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே நடக்கும், 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2011 வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம், அதற்கு உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். அறிவிப்பு போனபின் கொக்கியின் 280 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விளக்குக்கும் பானெட்டுக்கும் ஆன செலவுக்காகக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறது. இது முடியும்வரை கடையின் பெயரை எழுதவில்லை.

பணம் திரும்பியதில் எனக்கு நிம்மதியில்லை. போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனபோது அதே சிவப்புக் கொக்கி கண்ணாடிப் பேழையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வண்டியில் இப்படி ஒன்று இருந்தால் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். கீழே எழுத்து இல்லாவிட்டால் அதைக் கொண்டு எதையும் இழுக்காதீர்கள். ரசீதையும் கடைக்காரரோடு பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஒரே கடையைப் பற்றிப் பல பேர் புகார் கொடுத்தால் அமலாக்கப் பிரிவு சோதனைக்கு வருவது எளிது. படங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.