பாதி பாட்டிலில் கம்பிப் பதம்

போன வாரம் அண்ணன் மகள் போனில் கேட்டாள். “அத்தை, உங்க நெயில் பாலிஷ் மட்டும் எப்படி ஒரு வாரம் அப்படியே நிக்குது? எனக்கு மூணாம் நாளே நுனியில பேந்துடுதே.” அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். நான் நிறத்துக்கு மேலே போடுகிற, சீக்கிரம் காயவைக்கும் டாப் கோட்டையே அவளும் வாங்கலாமா என்பதுதான் விஷயம். யோசிக்காமல் “வாங்காதே” என்று சொல்லிவிட்டேன். 3 வருடத்தில் அதே டாப் கோட்டை 4 பாட்டில் வாங்கியவள் நான். அப்படிச் சொன்னது நியாயமா என்று போனை வைத்த பிறகு உறுத்தியது. அதனால் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பணம் வாங்கும் கவுன்டரில். நாள் முழுக்க விரல் நுனி நோட்டில் உரசிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் பாத்திரம், பூண்டு, தேங்காய்த் துருவல். இந்தக் கையில் சாதாரணமாகப் போட்ட பாலிஷ் 2 நாள் தாங்கினால் பெரிது. காய்கிற நேரமும் பெரும்பாடு. ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் காயும் என்று யாரோ சொல்ல, அதையும் பல மாதம் செய்து பார்த்தேன். தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் போர்வையின் நெசவு அப்படியே கட்டைவிரல் நகத்தில் அச்சாகியிருக்கும்.

பாலிஷ் காய்வது என்றால் அதிலுள்ள எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் பறந்துபோய், நைட்ரோசெல்லுலோஸ் ஏடு மட்டும் நகத்தில் தங்குவது. குளிர் அந்த ஏட்டை இறுக்கிக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கரைப்பான் உள்ளேயேதான் இருக்கும். ஹேர் டிரையரின் சூட்டில் ஏடு இளகிவிடும். ஜெல் பாலிஷ் வேறு கதை. அது விளக்கொளி பட்டு இறுகுவது, அந்த விளக்கை இதற்குக் காட்டிப் பயனில்லை.

இந்த டாப் கோட் வந்த பிறகு என் ஞாயிற்றுக்கிழமை மாலையே மாறிப்போனது. மெல்லிசாக இரண்டு கோட் நிறம். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே மேலே இது. பிரஷின் முடி நிறத்தைத் தொடக்கூடாது. ஒரு சொட்டு நகத்தின் நடுவில் இறங்க, அந்தச் சொட்டை மட்டும் தள்ளிக்கொண்டே போகவேண்டும். தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கும்போது கரண்டி மாவின் மேல்தான் போகும், கல்லில் உரசாது, பாருங்கள், அதே கைப்பக்குவம். 5 நிமிடத்தில் நகத்தோடு நகம் தட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. 15 நிமிடத்தில் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன், போர்வை அச்சு இல்லை. பளபளப்போ, வெற்றிலையில் எண்ணெய் தடவின மாதிரி. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் காய்வது வேறு, நிற்பது வேறு. ஒரு வாரம் நிற்பதில் பாட்டிலுக்குப் பாதிப் பங்குதான். மீதி நகத்தைத் தயார் பண்ணுவதில் இருக்கிறது. நகம் தண்ணீரைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கிற ஏடு அதன் கூடவே விரிந்து சுருங்காது. அதனால்தான் பாத்திரம் தேய்க்கிற கையில் சீக்கிரம் பெயர்கிறது. குளித்துவிட்டு வந்த கையோடு பாலிஷ் போடுவதை நான் விட்டே பல நாள் ஆகிறது. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டம். அதனால் வெட்டுவது, ராவுவது எல்லாம் ஞாயிறு காலையிலேயே, குளிக்கும் முன். மாலை பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, கை நன்றாக உலர ஒரு மணி நேரம் விட்டு, பாலிஷை அழிக்கிற ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒரு இழுப்பு. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் நகத்தில் இருக்கும். அது இருந்தால் எந்தப் பாலிஷும் பிடிக்காது. அப்புறம், நிறத்துக்கு அடியில் பூசுகிற பேஸ் கோட். அடர்சிவப்புப் பிரியர்கள் இதைத் தவிர்த்தால் நகம் மஞ்சளாகிவிடும்.

இன்னொன்று, இதுதான் என் அண்ணன் மகள் தவறவிடுவது. நகத்தின் முகத்துக்கு மட்டும் பூசினால் போதாது. நுனியின் விளிம்பிலும் பிரஷை ஒரு முறை ஓட்டவேண்டும், நிறத்திலும் சரி, டாப் கோட்டிலும் சரி. சீக்கிரம் காய்கிற டாப் கோட் காயும்போது சுருங்கி நிறத்தையும் பின்னால் இழுக்கும். விளிம்பை மூடாவிட்டால் மறுநாளே நுனியில் வெள்ளைக் கோடு தெரியும். முதல் பாட்டிலில் எனக்கும் அப்படித்தான் ஆனது. அட்டைப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். 14 மில்லி பாட்டில். பாதி வரை தேன். பாதிக்குக் கீழே இறங்கினதும் பாகு. பிரஷை வெளியே எடுத்தால் சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வந்த மாதிரி நூல் இழுக்கிறது. அந்த நூல் நகத்தில் விழுந்தால் திட்டு, விரலில் விழுந்தால் பிசுக்கு. 5 நிமிடத்தில் காய்ந்தது இப்போது அரை மணி நேரம் ஆகியும் அழுத்தினால் குழி விழுகிறது. ஒரு பாட்டில் என்றால் என் கெட்ட நேரம் என்று விட்டிருப்பேன். நான்கு பாட்டிலும் இதேபோலத்தான். 700 ரூபாய் கொடுத்து வாங்கி 350 ரூபாய்க்குத்தான் அனுபவித்திருக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் காரணம் அதன் குணத்திலேயே இருக்கிறது. நகத்தின் மேல் சட்டென்று பறக்கிற கரைப்பான், பாட்டில் மூடியைத் திறந்தாலும் சட்டென்றுதான் பறக்கும். சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பத்து விரலும் போட்டது நான்தான். இப்போது ஒரு கைக்கு ஒரு முறை மூடிவிடுகிறேன், கழுத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டுத்தான் மூடி. நாலாவது பாட்டில் அதனால் கொஞ்சம் அதிகமாகத் தாங்கியது. ஆனால் இது கெட்டியாகும் என்பது செய்கிறவர்களுக்குத் தெரியாதா? 7 மில்லியில் இரண்டு சின்ன பாட்டிலாகக் கொடுத்தால் என்ன? அதற்குப் பதில் கெட்டியானதை இளக்குகிற தின்னரைத் தனியாக, தனி விலைக்கு விற்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தின்னர் வேலை செய்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2, 3 சொட்டு விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, ஒரு மணி நேரம் விட்டால் மறுபடி இளகிவரும். குலுக்கினால் குமிழ் வரும். தின்னர் இல்லையே என்று ரிமூவரை ஊற்றிவிடாதீர்கள். நான் இரண்டாவது பாட்டிலை அப்படித்தான் கெடுத்தேன். பளபளப்பே செத்து, இரண்டு நாளில் செதில் செதிலாக வந்தது. மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஐப்பசி அடைமழையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டேன், காய்ந்தபோது மேலே பால் படிந்த மாதிரி மங்கல். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது ஏடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. இதற்குப் பாட்டிலைக் குறை சொல்லமாட்டேன்.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, “மருதாணி வெச்சுக்கோயேன், உரியுமா அது?” என்பார். உண்மைதான். மருதாணி நகத்தின் புரதத்தோடேயே சேர்ந்துவிடுகிறது, நகம் வளர்ந்துதான் அது போகவேண்டும். நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், அதனால் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் நிச்சயதார்த்தப் புடவை மயில்கழுத்து நிறம், அந்தப் பெண்ணுக்கு வேண்டியது வெளிர் ரோஜா நகம்.

என்னிடம் இருந்த பாட்டிலை இன்று காலை திறந்தேன். கம்பிப் பதம். அந்த எரிச்சலோடு சொல்கிறேன், வாங்காதே என்று நான் சொன்னது சொன்னதுதான். ஒரு நாள் விசேஷத்துக்கு 700 ரூபாய் வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கே நகம் வெட்டி, கை உலர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன். நிறம் ஈரமாக இருக்கும்போதே டாப் கோட் போட்டாகவேண்டும், அதனால் இரண்டையும் நானே போட்டுவிடுகிறேன். ஐந்தாவது பாட்டிலுக்கு நேற்று இரவே ஆர்டர் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை வந்துவிடும்.