ஆர்சி விமானத்தை வீடியோ எடுக்க எது தோது: மொபைலா, கேம்கார்டரா, பெரிய ஜூமா?

கடையில் வீடியோ கேமரா கேட்டால் முதலில் 4கே பெருமையைத்தான் எடுத்து விடுவார்கள். ஆர்சி விமானத்தை, அதாவது தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன விமானத்தை, படம்பிடிக்கிறவருக்கு அது கடைசிக் கவலை. விமானம் ஃபிரேமுக்குள் இருக்குமா என்பதுதான் முதல் கவலை.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 50 மீட்டர் தள்ளிக் குறுக்கே போகிற விமானத்தைப் பின்தொடர விநாடிக்கு 30 டிகிரிக்கு மேல் கேமராவைத் திருப்ப வேண்டும். 600 மி.மீ. லென்ஸில் தெரிகிற அகலமோ மூன்றரை டிகிரிக்கும் குறைவு. கை துளி பிந்தினாலும் பத்தில் ஒரு விநாடியில் விமானம் வெளியே போய்விடும்; அப்புறம் வெறும் வானம்தான் பதிவாகும்.

அதனால் பெரிய ஜூம் கேமராவான நிக்கான் பி1000-ஐ முதலிலேயே தள்ளிவிடலாம். 3000 மி.மீ. வரை போகிற அந்த ஜூம் நிலாவைப் பார்க்க அருமை, லூப் அடிக்கிற விமானத்துக்கு வீண். எடையும் 1.4 கிலோ.

மொபைலில் சிக்கல் நேர்மாறு. ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள விமானம் அதே 50 மீட்டரில் மெயின் கேமராவுக்கு, 1920 புள்ளி அகலப் படத்தில், சுமார் 40 புள்ளிதான். காக்கையா விமானமா என்று பார்க்கிறவர் கேட்பார். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிற டெலி லென்ஸ் உள்ள மொபைல் பரவாயில்லை. ஆனால் உச்சி வெயிலில் திரையில் என்ன தெரியும்? கோப்ரோ என்கிற சின்ன ஆக்‌ஷன் கேமராவுக்கும் இதே குறைதான், அது இன்னும் அகலம். அதை விமானத்தின் மேலேயே ஒட்டினால் நிகரே இல்லை. சின்ன ஃபோம் விமானத்துக்கு 150 கிராம் பாரம் கூடும், பேலன்ஸைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நிஜமான போட்டி சோனியின் இரண்டு கேமராக்களுக்குள்: 2016-இல் வந்த ஏஎக்ஸ்53 கேம்கார்டர், 2017-இல் வந்த ஆர்எக்ஸ்10 மார்க் 4.

ஆர்எக்ஸ்10-இன் பலம் பெரிய, ஒரு இன்ச் சென்சாரும் நகர்கிற பொருளை வேகமாகப் பிடிக்கிற 315 புள்ளி ஃபேஸ் டிடெக்‌ஷன் ஃபோகஸும். சென்சார் வேகமாகப் படிப்பதால் கேமராவைச் சட்டென்று திருப்பும்போது படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவதும் குறைவு. லென்ஸ் 24-600 மி.மீ. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனம், புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். 4கே-யில் தொடர்ந்து அரை மணி நேரம் ஓடாது என்று சிலர் குறை சொல்வார்கள். பறப்பதே பத்து நிமிடம், அதை விடுங்கள்.

ஏஎக்ஸ்53 சுமார் 600 கிராம். ஜூம் 26.8-536 மி.மீ., கைக்கு அடக்கமான பிடி, லென்ஸும் சென்சாரும் சேர்ந்தே மிதந்து கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெடிஷாட். வியூஃபைண்டர் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. வலது கண்ணை அதில் வைத்து, இடது கண்ணைத் திறந்தே வைத்து விமானத்தைப் பாருங்கள். ஃபிரேமை விட்டு நழுவும்போது எந்தப் பக்கம் போகிறது என்பது உடனே தெரியும். திரையை மட்டும் பார்க்கிறவர் அண்ணாந்து தேடி முடிப்பதற்குள் லோ பாஸ் (தாழப் பறந்து கடப்பது) முடிந்திருக்கும். 4கே-யில் விநாடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் இதில் கிடையாது. ஃபுல் ஹெச்டி-யில் 50 அல்லது 60 வைத்து எடுங்கள், வேகத்துக்கு அதுவே நல்லது.

நம்ம ஊரில் ஃபோகஸ்தான் பெரிய தலைவலி. கிருஷ்ணகிரியில் காய்ந்த ஏரியில் விட்டாலும், மாந்தோப்பு ஓரத்துக் காலி நிலத்தில் விட்டாலும், பின்னால் ஒரு பாறைக்குன்று நிற்கும். விமானம் வெறும் வானத்தில் இருக்கும்போது பிடிக்க எதுவும் இல்லாமல் கேம்கார்டரின் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். குன்றுக்கு முன்னால் வந்ததும் பாறையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தில் ஆர்எக்ஸ்10 ஒரு படி மேல். ஆனால் பணம் செலவழிக்காமலே இதைச் சமாளிக்கலாம். நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு புளியமரத்தில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஜூமை 200 மி.மீ. அளவில் நிறுத்தினால், ஏஎக்ஸ்53-இன் சின்ன சென்சாருக்கு 50 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் வானத்துக்கு முன் விமானம் கரிக்கட்டையாகத் தெரியும்.

ஆட்டோவில் விட்டால் வெயிலில் ஷட்டர் ஏகத்துக்கு வேகமெடுத்து, புரொப்பெல்லர் வளைந்த துண்டுகளாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டு 1/120 விநாடி பக்கம் இறக்கினால் சரியாகிவிடும். இரண்டு கேமராவிலும் உள்ளே என்டி இல்லை. ஏஎக்ஸ்53-க்கு 55 மி.மீ. ஃபில்டர், ஆர்எக்ஸ்10-க்கு 72 மி.மீ.; விலையில் இதுவும் ஒரு வித்தியாசம். ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெடிஷாட்டை அணைத்துவிடுங்கள், திருப்பும்போது அது எதிர்த்து இழுக்கும். ஆடிக் காற்றில் மைக்குக்கு ரோம உறை கட்டாயம்.

என் ஓட்டு கேம்கார்டருக்கு. பறவை, கல்யாணம், போட்டோ என்று வேறு வேலையும் இருந்தால் மட்டும் ஆர்எக்ஸ்10. ஏஎக்ஸ்53 பெரும்பாலும் செகண்ட்ஹேண்டில்தான் தேட வேண்டியிருக்கும். பெங்களூரு பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. கடை வாசலில் நின்று ரோட்டில் போகிற பைக்குகளை 200 மி.மீ. ஜூமில் தொடர்ந்து பாருங்கள். ஜூம் மோட்டாரில் கரகரப்பு கேட்டால் உள்ளே தூசி போயிருக்கலாம், வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.