கொழும்பில் ரூம் போடுகிறவர்கள் கவனம்: "வெள்ளவத்தை" என்று சொல்லித் தெஹிவளையில் இறக்குகிறார்கள்

ஆஸ்பத்திரி, விசா, கலியாண உடுப்பு என்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற குடும்பங்களிடம் ஒரே மாதிரியாகக் காசு பறிக்கிறார்கள். விளம்பரம் முகநூலில் வரும்: "வெள்ளவத்தை, கடற்கரையோடு, ஏசி, சமையலறை, ஆறு பேர் தங்கலாம்." வட்ஸ்அப்பில் கேட்டால் பதில் எங்கட தமிழிலேயே வரும். "ஓம் அண்ணை, ரூம் இருக்கு. அரைவாசியைப் போட்டுவிடுங்கோ, மிச்சத்தை வந்து தாங்கோ." வங்கிக் கணக்கு விடுதியின் பெயரில் இராது, தனி ஆள் ஒருவரின் பெயரில் இருக்கும்.

இரவு பஸ் காலி வீதியில் இறக்கிவிட விடிய நாலரை, ஐந்து ஆகும். அப்போதுதான் கதை மாறும். "அந்த ரூமில பைப் உடைஞ்சிட்டுது அண்ணை. பக்கத்திலயே எங்கட இன்னொரு வீடு இருக்கு, ஓட்டோ அனுப்பிறன்." ஓட்டோ வெள்ளவத்தைக்கு அடுத்த ஊரான தெஹிவளைக்குள் புகுந்து, பஸ் போகாத ஒரு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விடும். பெட்டிகள், நித்திரை தூங்குகிற பிள்ளை, கால் வீங்கிப்போன அம்மா. அந்த நேரத்தில் யார் நின்று வாக்குவாதப்படுவது? அதைக் கணக்குப் பண்ணித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

பிறகு பில். நாள் பகல் 2 மணிக்குத்தான் தொடங்குமாம், விடிய வந்தபடியால் முதல் நாள் இரவுக்கும் காசு. ஏசிக்கு மீற்றர் பார்த்து யூனிட் கணக்கில் வேறு. 'வற்' (பெறுமதி சேர் வரி) என்று 18 வீதத்தையும் போடுவார்கள். வற்றுக்குப் பதிந்தவர் மட்டுமே அதை அறவிடலாம், பதிவிலக்கம் பில்லில் இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் மோசம், "போகேக்க தாறம்" என்று அடையாள அட்டையை வாங்கி வைப்பது. நீங்கள் வந்த அலுவலுக்கு வாசலிலேயே கேட்கப்போவது அதைத்தான். பிரதியை மட்டும் கொடுங்கோ, மூல அட்டை கையை விட்டுப் போகக்கூடாது.

ஏமாற்று ஊர்ப்பெயரிலேயே தொடங்குகிறது. வெள்ளவத்தை இருக்கிற கொழும்பு 6 அஞ்சல் வலயம் முழுக்கக் காலி வீதியோரம் இல்லை, உள்ளே இருக்கிற பாமன்கடையும் 6தான். கடலோர வீதியான மரைன் டிரைவ் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பக்கம் வரை நீள்வதால், "மரைன் டிரைவில்" என்பது எந்த இடமாகவும் இருக்கலாம். தெஹிவளை கொழும்பு மாநகர சபைக்குள்ளேயே இல்லை. ஆகவே அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கோ: வெள்ளவத்தை 00600, தெஹிவளை 10350. வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், காலி வீதிக்குக் கடல்பக்கமா தரைப்பக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கோ. படம் அனுப்பினால் நம்பவேண்டாம். வீதிப் பெயர்ப்பலகையில் தொடங்கி, கேற், படி, ரூம், யன்னல் என்று இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. உண்மையான இடம் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. சாட்டுச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கோ. "விடிய 5 மணிக்கு வருவம், மேலதிகம் எவ்வளவு?" என்ற கேள்விக்கும் பதில் எழுத்திலேயே இருக்கவேணும்.

கடல்பக்க ரூம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் இடையில் ரயில் பாதை இருக்கிறது. விடியற்காலை அலுவலக ரயில்கள் தொடங்கினால் நோயாளிக்கு நித்திரை இல்லை.

உண்மையில் எல்லோரும் வெள்ளவத்தைக்கே ஓடுவதுதான் இந்த ஆட்களுக்குத் தீனி. தமிழ்ச் சாப்பாடும் தமிழ் பேசுகிற கடையும் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அங்கே தங்கினால், 141ஆம் இலக்க பஸ்ஸில் கிருலப்பனைக்குப் போய் 138க்கு மாறவேணும், அதுவும் காலை நெரிசலில். மஹரகம அல்லது 138 ஓடுகிற நுகேகொடைப் பக்கம் பாருங்கோ. தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளின் லேடி ரிட்ஜ்வே என்றால் பொரளை, மருதானை. கோட்டை ரயில் நிலைய வாசலில் "ரூம் வேணுமோ" என்று வருகிற ஓட்டோக்காரர் கமிஷனுக்கு ஓடுகிறவர், அவரோடு போகவேண்டாம். விமானம் ஏறப் போகிறவர்கள் கொழும்புக்குள் வரவே தேவையில்லை. புத்தளம் பாதையால் வருகிற பஸ் நீர்கொழும்பைத் தாண்டித்தான் வரும், அந்தப் பக்கமே ரூம் போட்டு இறங்கலாம். குருநாகல் பாதையால் வருகிற பஸ்ஸில் அது சரிவராது, ரிக்கெற் போடும்போதே கேளுங்கோ.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், மிச்சக் காசைக் கொடுக்க முன்னமே ரூமையும் பெயர்ப்பலகையையும் படம் எடுங்கோ. வட்ஸ்அப் உரையாடலை அழிக்கவேண்டாம், அவர்கள் தங்கள் பக்கத்தில் அழிக்க முன்னமே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. ஒன்லைனில் போட்ட காசு உடனே போய்ச் சேர்ந்துவிடும், பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி அதைத் திருப்புவது கடினம். ஆனாலும் அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் என்றால் சுற்றுலாத் துறையின் 1912. பொலிசுக்குப் போகும்போது கணக்கிலக்கம், காசு போட்ட ரசீது, விளம்பரத்தின் படம் மூன்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கோ.