ஃபெட் சிமுலேஷன்கள்: வகுப்பறைக்குள் ஓர் ஆய்வகம்

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET) இணையதளம், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் பாடங்களுக்கான சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிச் சோதனைகளை, கட்டணமின்றி வழங்குகிறது.

அவற்றுள் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனையே நான் முதலில் பரிந்துரைப்பேன். முதல் விளக்கிலேயே மின்னோட்டத்தில் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது என்று நம்பும் மாணவர், விளக்கின் இருபுறமும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை இணைத்து ஒரே அளவைக் காணும்போது, எத்தனை முறை வாயால் விளக்கினாலும் அகலாத அந்தப் பிழையான எண்ணம் தானாகவே விலகுகிறது. தொடரிணைப்பில் மற்றொரு விளக்கைச் சேர்த்தால் ஒளி மங்குவதோடு எலக்ட்ரான்களின் ஓட்டமும் மெதுவாவதைத் திரையிலேயே பார்க்கலாம். குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் மின்கலம் தீப்பற்றுவதாகவும் காட்டப்படுகிறது. உண்மை ஆய்வகத்தில் அனுமதிக்க முடியாத இத்தவற்றை மாணவர் அச்சமின்றிச் செய்து பார்க்க முடிவதே இதன் பெரும் சிறப்பு என்பேன்.

பின்னங்களை வட்டமாகவும் எண்கோட்டிலும் காட்டும் கணிதப் பகுதி தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றது. உயிரியலில் முயல்களைக் கொண்டு இயற்கைத் தேர்வை விளக்கும் பகுதி அருமையானது. ஆனால் இயற்பியலோடு ஒப்பிட்டால் அப்பாடத்திற்கான சிமுலேஷன்கள் மிகக் குறைவு. மொழிப்பாடத்திற்கும் வரலாற்றுக்கும் இங்கே இடமில்லை.

சில சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பதிவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்கும் என்பதால், இணைய வசதியின்றி ஒரே கணினி மட்டும் உள்ள பள்ளியிலும் பயன்படுத்தலாம். ஆனால், ஆசிரியர் ஒரு கேள்வியை முன்வைத்து, விடையை ஊகிக்கச் சொன்ன பின்னரே திரையை இயக்க வேண்டும்.